பரணில் கிடந்த தறியை மீண்டும் பூட்டுதல்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

தறிவீட்டுப் பெண், காரைக்குடி (மே 9)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா நெய்த குழித்தறியை (தரைக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்யும் தறி), அவர் காலமான சில மாதங்களில், 1991ஆம் ஆண்டு கழற்றிப் பரணில் ஏற்றினோம். 2019இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்த அன்றே அதை இறக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இந்தச் சித்திரையில்தான் அது கைகூடியது.

நெய்த துணியைச் சுருட்டும் படமரம், பாவை (நீளவாக்கு இழைகளை) மறுமுனையில் தாங்கும் பின்மரம், நாடா (ஊடை என்ற குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) வந்து நிற்கும் இரு பெட்டிகளும் சேர்ந்த, ஊடையை அடித்து நெருக்கும் அச்சுப்பலகை, அதைத் தொங்கவிடும் மேற்சட்டம், மிதிகள், ஒரு நாடா, ஒரு பை நிறைய ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகள், பாவின் இழைகளைப் பற்களுக்கிடையே பிரித்து வைக்கும், துருப்பிடித்த ஓர் இரும்பு அச்சு ஆகியவை இருக்கின்றன. பாவின் இழைகளைத் தூக்கி இறக்கும் பருத்தி விழுதுகளைப் பெரும்பாலும் எலி தின்றுவிட்டது. நாடாவை அடித்து ஓட்டும் பிக்கர்கள் இரண்டும் சுருங்கி வெடித்துக் கல்லைப் போல ஆகிவிட்டன. நாடா ஓடும் பலகை வலது பக்கம் சற்று முறுக்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது.

பார்க்க வந்த தச்சர், அச்சுப்பலகையை முழுவதுமாகப் புதுத் தேக்கில் செய்துவிடலாம் என்கிறார். மேற்சட்டத்தில் இருபுறமும் மும்மூன்று வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை மக்கு வைத்து அடைத்து, இழைப்புளி போட்டு, மெருகெண்ணெய் பூசித் தருவதாகவும் சொல்கிறார். முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடை ஒன்றிலிருந்து வந்தவர் படமரத்தை மட்டும் கேட்டார். விளக்குத் தண்டு செய்வார்களாம். அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தறியைக் காட்சிப்பொருளாக நிறுத்தும் எண்ணம் இல்லை. 48 அங்குல அகலத்தில் ஒரே ஒரு கண்டாங்கியாவது அதில் நெய்ய வேண்டும். எந்த உறுப்பை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்று தறி அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி நெசவாளி (மே 9)

தங்கச்சி, முதலில் அந்த மக்கை நிறுத்துங்கள். அவை மரத்தில் விழுந்த பழுது அல்ல. நெய்ய நெய்யத் துணியின் விளிம்பு நெசவாளியை விட்டு விலகிப் பின்னோக்கிப் போகும். ஒவ்வொரு விரற்கடைக்கும் துணியைப் படமரத்தில் சுருட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்பதால், அச்சுப்பலகையின் தொங்கு கட்டையை முதல் வெட்டிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் தள்ளி வைத்து நெய்து, அதன் பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு மீண்டும் முதல் வெட்டுக்கு வருவோம். வெட்டை அடைத்துவிட்டால் பலகை ஒரே இடத்தில் நின்றுபோகும். அப்புறம் ஊடை ஓர் இடத்தில் அழுந்தியும் ஓர் இடத்தில் தளர்ந்தும் விழுந்து, துணியில் பட்டை பட்டையாகத் தெரியும்.

அடுத்து ஒன்று கேட்கிறேன். அந்த இரும்பு அச்சில் உங்கள் அப்பா கடைசியாக நெய்த பாவின் நூல் மிச்சம் இருக்கிறதா?

தறிவீட்டுப் பெண் (மே 10)

வெட்டுகளைப் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி, அண்ணா. தச்சருக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

நூல் இருந்தது. அச்சின் பல்லிடைவெளிகளில் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய இழைகள் தொங்கிக்கொண்டிருந்தன. குப்பை என்று எண்ணி இடது பக்கத்திலிருந்து கத்தரிக்கத் தொடங்கி, ஏறக்குறைய பாதியை எடுத்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் கை நின்றுவிட்டது.

பரமக்குடி நெசவாளி (மே 10)

பாதியாவது தப்பியதே. தறிக்காரர் எவரும் ஒரு பாவு முடிந்ததும் அச்சையும் விழுதையும் வெறுமையாக விடுவதில்லை. பழைய பாவின் நுனியை அவற்றிலேயே விட்டு வைத்து, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அதனோடு சேர்த்து முறுக்கிப் பிணைப்போம். பிறகு மெல்ல இழுத்தால் எல்லா இழைகளும் தத்தம் கண் வழியாகத் தாமே வந்துவிடும். இந்தத் தொங்கல் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்த நூல், பிணைத்து இழுத்தால் தாங்காது. அந்தப் பயன் போய்விட்டது. ஆனால் அந்த இழைகள் உங்கள் அப்பா எழுதி வைத்த கணக்கு மாதிரி. கரையில் எந்த நிறம் எத்தனை இழை, ஒரு பல்லுக்கு இரண்டிரண்டா, கரை ஓரத்தில் மட்டும் நெருக்கமாக நான்கா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கண்டாங்கியின் இரண்டு கரையும் ஒன்றுபோல இருப்பதால், வலது பாதியை எண்ணினால் இடது பாதி கிடைத்துவிடும். எண்ணி முடிக்கும் வரை ஓர் இழையையும் தொடாதீர்கள்.

நூல்கண்டு (மே 11)

இத்தனை சிரமம் எதற்கு? ஈரோட்டுப் பக்கம் புதுத் தறியே செய்து தருகிறார்கள். பழையதைக் கூடத்தில் அழகுக்கு வைத்துவிட்டுப் புதியதில் நெய்யலாமே.

சேலத்தில் படித்தவன் (மே 11)

நூல்கண்டு அவர்கள் சொல்வதில் செலவு அளவில் நியாயம் இருக்கலாம். ஆனால் அம்மா கேட்ட கேள்வி அதுவல்ல. நான் சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்பப் பயிலகத்தில் படித்தவன், இப்போது கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குத் தறிகளைப் பழுது பார்க்கிறேன். பழைய தறியைப் பூட்டும்போது உறுப்புகளைப் பழுதா, நல்லதா என்று தனித்தனியாகப் பார்ப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் என்பது என் அனுபவம். ஒரே தறியில் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஏற்பத் தேய்ந்திருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் குறையே இல்லாத புதிய ஒன்றைப் பொருத்தினால், அதுவரை வெளியே தெரியாமல் இருந்த மற்றவற்றின் தேய்மானம் எல்லாம் பிழையாக வெளிப்படும். ஆகவே மாற்றுவதற்கு முன் அளவெடுங்கள்.

கால்களை நட்டு, மரங்களை வைத்துத் தளர்வாகப் பூட்டிய பிறகு, படமரத்தின் இடது முனையிலிருந்து பின்மரத்தின் வலது முனைக்கும், வலது முனையிலிருந்து இடது முனைக்கும் நீட்டாத நூலால் குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தறி மூலைமட்டமாக நிற்கிறது என்று பொருள். வேறுபாடு இருக்கும்போது ஆப்புகளை இறுக்கினால், பாவின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தொய்ந்தும் போகும். அதை எந்த விழுதாலும் அச்சாலும் சரிசெய்ய முடியாது. அதன் பிறகு ரசமட்டத்தைப் படமரத்தின் மீதும் பின்மரத்தின் மீதும் வையுங்கள். கடைசியாக, படமரத்தின் நீளவாக்கில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து மரத்தை மெல்லச் சுழற்றினால் அது எங்கே வளைந்திருக்கிறது என்று தெரியும். சிறு வளைவு என்றால் பள்ளமான இடத்தில் துணியைச் சுற்றி நிரவிக்கொள்ளலாம், கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

கானாடுகாத்தான் தச்சன் (மே 12)

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இழைப்புளி போடச் சொன்னதாகப் படித்ததால் எழுதுகிறேன். வீட்டு மரச்சாமான்களைப் பார்க்கும் கண்ணோடு தறியைப் பார்த்தால் அந்தத் தவறு நேரும். தறிமரத்தின் வழவழப்பு எண்ணெயால் வந்ததன்று, நூலும் துணியும் கையும் பட்டுப் பட்டு வந்தது. உப்புத்தாள் போட்டால் மரத்தின் நார் எழும்பி நூலைப் பிடித்துக்கொள்ளும்.

கரையான் அரித்ததா என்று விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்தாக இருந்தால் ஓசை மாறும். மண்ணில் பதிந்த கால்களின் அடிப்பகுதியைக் கூர்மையான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். அடி மட்டும் உளுத்திருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டுக் கழுந்து வைத்துப் பழைய மரத்தையே ஒட்டுப் போடலாம். இந்தப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மாத் தேக்குத் துண்டு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். நன்றாக உலர்ந்து முடிந்த மரம் என்பதால் பின்னால் சுருங்காது. நூல் படாத உறுப்புகளுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்க்கலாம். தேய்த்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகும், குவியலாகக் கிடக்கும் துணி தானே தீப்பற்றுவதுண்டு. விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள்.

தறிவீட்டுப் பெண் (மே 24)

அனைவரும் சொன்னபடி அளந்தேன். முதற்கட்டப் பூட்டில் இரு குறுக்களவுகளுக்கும் முக்கால் அங்குலம் வேறுபாடு இருந்தது. வலது பின்காலை நகர்த்தி, ஆப்பை மாற்றியதில் நேராகிவிட்டது. கால்களில் ஒன்றுக்கு மட்டும் அடியில் ஒட்டுப் போட்டோம்.

கரையையும் எண்ணி முடித்தேன். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்ற வரிசையும், ஓரத்தில் எட்டுப் பற்களுக்கு மட்டும் நான்கு நான்கு இழை கோத்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. அச்சில் இரண்டு அங்குலத்துக்கு அறுபது பற்கள் இருக்கின்றன. ஓரத்தின் கூடுதல் இழைகளை விட்டுவிட்டால், பல்லுக்கு இரண்டு இழை என்ற கணக்கில் ஓர் அங்குலத்துக்கு அறுபது இழை, 48 அங்குலத்துக்கு 2880 இழை. இதை என் அம்மாவிடம் சொன்னபோது, 'இருபத்துநாலு புஞ்சம்' என்று ஒரு நொடியில் சொன்னார். புஞ்சம் என்பது 120 இழை என்று அதன் பிறகுதான் எனக்குச் சொல்லித் தந்தார். கணக்கு ஆசிரியையாக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள் நான்.

இப்போது புதிய சிக்கல். பழைய குழியை அப்பாவுக்குப் பின் மணல் போட்டு மூடி, மேலே ஆத்தங்குடிக் கல் பதித்துவிட்டோம். அதைப் பெயர்க்காமல், தறியை உயரமான சட்டத்தில் நிறுத்தி, பலகையில் உட்கார்ந்து நெய்ய முடியுமா?

சேலத்தில் படித்தவன் (மே 24)

முடியும். மேடைத்தறிகள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் உங்களுடையது குழிக்கென்று செய்த தறி. அதன் மிதிகளின் நீளம், விழுதிலிருந்து மிதிக்கு இறங்கும் கயிற்றின் நீளம், படமரத்தின் உயரம் ஆகிய எல்லாமே தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிடும் ஒருவருக்காக வகுக்கப்பட்டவை. மேடைக்கு மாற்றினால் நான்கு கால்களையும் நீட்ட வேண்டும். நீட்டிய கால், பலகை அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஆடும், அதைத் தடுக்கக் குறுக்குச் சட்டங்கள் சேர்க்க வேண்டும். கடைசியில் நூல்கண்டு சொன்ன புதுத் தறியைத்தான் பழைய மரத்தில் செய்திருப்பீர்கள்.

பரமக்குடி நெசவாளி (மே 25)

கல்லைப் பெயர்த்துவிடுங்கள், தங்கச்சி. குழி காலுக்காக மட்டும் தோண்டியதில்லை. பருத்தி நூலுக்கு ஈரம் இருந்தால்தான் வலு. உலர்ந்தால் பொட்டுப் பொட்டென்று அறும். குழியிலிருந்து எழும் குளிர்ச்சி பாவின் அடியிலேயே நிற்கும். காரைக்குடிச் செம்மண் வெயிலில் மேடைத்தறி போட்டால் பங்குனியிலிருந்து ஆடி வரை அறுந்த இழையை முடிவதே வேலையாக இருக்கும். குழியின் அடியில் ஒரு சட்டி ஈர மணல் வைத்தால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் ஊறுமே என்பீர்கள், அது உண்மைதான். ஐப்பசி, கார்த்திகையில் நாங்களும் குழியை இறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தேவகோட்டை வாசகர் (மே 25)

பெயர்க்கும் கற்களை எண் போட்டு எடுத்து வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊற்றி வார்த்து, நீரில் ஊறவைத்து ஆற்றுகிறார்கள். ஓரம் எளிதில் உடையும் என்பதால் கடப்பாரையைத் தவிர்த்து உளியால் பக்கவாட்டில் நெம்புவது நல்லது.

தறிவீட்டுப் பெண் (ஜூன் 15)

பதினாறு கற்களை எடுத்தோம், இரண்டு உடைந்தன. குழி பழைய இடத்தில், பழைய ஆழத்தில், சுவரில் அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்புத் தீற்றல்களோடு அப்படியே இருந்தது.

இப்போது அச்சு. துருவை எடுக்கப் புளித்தண்ணீரில் ஊறவைக்கலாமா?

சேலத்தில் படித்தவன் (ஜூன் 15)

வேண்டாம், அம்மா. பழைய அச்சுகளின் பற்களை மேலும் கீழும் மரப்பட்டைகளுக்கு இடையில் வைத்துக் கீல் (கரும்பிசின்) பூசிய நூலால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் மரப்பட்டை ஊதும், கட்டு நெகிழும், பற்களின் இடைவெளி மாறிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான தூரிகையால் பல்லின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து, உலரவிட்டு, நன்கு சலித்த சுண்ணாம்புக்கட்டித் தூளைப் போட்டு மீண்டும் தேய்த்துத் துடைத்தெடுங்கள். கம்பித் தூரிகை கூடாது. அதன் கீறல் ஒவ்வொன்றும் நூலை அறுக்கும் அரமாகிவிடும். விரல் நகத்தைப் பற்களின் மேல் ஓட்டிப் பார்க்கும்போது எங்காவது சொரசொரப்பாகக் குழி தட்டுப்பட்டால், அதாவது துரு இரும்பையே தின்றிருந்தால், அந்த அச்சில் நெய்ய வேண்டாம்.

தறிவீட்டுப் பெண் (ஜூன் 21)

நடுவில் ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு நகம் தட்டுகிறது. எனவே இந்த அச்சை, தொங்கும் இழைகளோடு அப்படியே துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன். அதே கணக்கில் துருப்பிடிக்காத எஃகில் புதிய அச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். விழுதுகளுக்குக் கம்பி விழுது வாங்கலாமா, பருத்தியே கட்டலாமா?

பரமக்குடி நெசவாளி (ஜூன் 21)

பருத்தி. கம்பி விழுது நெடுநாள் உழைக்கும் என்பதை மறுக்கவில்லை, நானும் என் இரண்டாவது தறியில் அதைத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் 2880 இழைக்கு 2880 கம்பி. அந்தப் பாரத்தை உங்கள் தறியின் பழைய உருளைகளும் கயிறுகளும் தூக்க வேண்டும், உங்கள் முழங்காலும் மிதிக்க வேண்டும். ஒரே ஒரு சேலைக்கு அது தேவையில்லை. பருத்தி விழுதைக் கட்டியதும் கஞ்சியில் நனைத்து, கண்கள் ஒட்டிக்கொள்ளாமல் விரித்து உலர்த்துங்கள். இங்கே விழுது கட்டித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சொன்னால் ஏற்பாடு செய்கிறேன். பாவையும் இங்கேயே ஓட்டிக் கஞ்சி போட்டு அனுப்பலாம்.

சேலத்தில் படித்தவன் (ஜூன் 22)

இதில் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. அம்மா ஒரு சேலையோடு நிறுத்தமாட்டார் என்றே நினைக்கிறேன். இருப்பினும் முதல் பாவுக்குப் பருத்தி விழுதே போதும்.

தறிவீட்டுப் பெண் (ஆகஸ்ட் 18)

பாவு வந்து, கோத்து, கட்டி முடித்துவிட்டோம். பழைய தொங்கல் உதவாததால் 2880 இழைகளையும் நானும் என் அண்ணன் மகளும் ஒன்பது நாள் உட்கார்ந்து கோத்தோம். புது அச்சு, புது நைலான் பிக்கர்கள், புதுக் கயிறு. அச்சுப்பலகையும் நாடாவும் பழையவையே.

ஆனால் நெய்ய முடியவில்லை. இடமிருந்து வலமாக ஓடும் நாடா, வலது பெட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போதே பாவிலிருந்து எகிறி வெளியே பறக்கிறது. நேற்று மூன்று முறை பறந்தது. ஒரு முறை அம்மாவின் தலையைத் தாண்டித் தூணில் மோதியது. வலமிருந்து இடமாக வரும்போது இந்தத் தொல்லை இல்லை. முறுக்கிய பலகைதான் காரணம், நான் முதலிலேயே சொன்னேனே என்கிறார் தச்சர். அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது.

நூல்கண்டு (ஆகஸ்ட் 18)

கைப்பிடியை இன்னும் வேகமாக இழுத்துப் பாருங்கள். வேகம் போதாமல்தான் எகிறும்.

பரமக்குடி நெசவாளி (ஆகஸ்ட் 18)

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாடாவின் முனையில் இரும்பு இருக்கிறது, கண் போய்விடும். காரணம் தெரியும் வரை வயதானவர்களும் குழந்தைகளும் தறியின் பக்கவாட்டில் உட்கார வேண்டாம்.

சேலத்தில் படித்தவன் (ஆகஸ்ட் 19)

பலகையைக் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவோம், அம்மா.

மிதியை முழுமையாக அழுத்தியிருக்கும்போது கீழ்ப்பாவு (கீழே இறங்கிய இழைகள்), நாடா ஓடும் பலகையின் மேல் இலேசாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது பலகைக்கு மேலே மிதந்தால் நாடாவின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அடுத்து, பிக்கர். பழைய பிக்கரைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதில் நாடா முனை இடித்து இடித்துக் குடைந்த பள்ளம் இருக்கும். பலகையிலிருந்து அந்தப் பள்ளத்தின் உயரத்தையும், புதிய பிக்கரில் முனை படும் இடத்தின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, நேரான நீண்ட மட்டப்பலகை ஒன்றை அச்சின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அதன் முனையை நாடாப் பெட்டியின் பின்சுவர் வரை நீட்டிப் பாருங்கள். அச்சின் முகமும் பெட்டியின் பின்சுவரும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நாடா தன் முதுகை அச்சின் மேல் சாய்த்துக்கொண்டுதான் ஓடுகிறது. அந்த முதுகுச் சுவர் நடுவில் முன்னுக்குத் துருத்தினால் நாடா வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

தறிவீட்டுப் பெண் (ஆகஸ்ட் 20)

கீழ்ப்பாவு சரியாகப் படிகிறது. பிக்கரின் உயரம் ஒரு நூலளவுதான் வேறுபடுகிறது. ஆனால் அச்சு, வலது பக்கம் பெட்டியின் பின்சுவரைவிட இரண்டரை மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. இடது பக்கம் வேறுபாடே இல்லை. பழைய அச்சின் பட்டையைவிடப் புதிய அச்சின் பட்டை மெல்லியது. பள்ளத்தில் அது ஆடியதால் தச்சர் அதன் பின்பக்கம் மூங்கில் செதிலைச் செருகி இறுக்கியிருக்கிறார். வலது பக்கச் செதில் தடிமனாக இருக்கிறது.

சேலத்தில் படித்தவன் (ஆகஸ்ட் 20)

அதுதான். செதிலை அச்சின் முன்பக்கம் செருகுங்கள். அச்சு தானாகப் பின்னோக்கிப் போய்ச் சுவரோடு சேரும். பலகைக்கு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கானாடுகாத்தான் தச்சன் (ஆகஸ்ட் 20)

அந்தப் பலகையின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போட முடியுமா, அம்மா? முறுக்கு என்று நீங்கள் சொல்வது வேறு ஏதாவதாக இருக்கலாம் என்ற ஐயம் எனக்கு முதலிலிருந்தே இருக்கிறது.

கானாடுகாத்தான் தச்சன் (ஆகஸ்ட் 22)

படத்துக்கு நன்றி. அது முறுக்கு அன்று, இரண்டு மரங்களின் ஒட்டு. மேலே நாடா ஓடும் பட்டையும் இரு பெட்டிகளும் தேக்கு. கீழே இருக்கும் கனமான கட்டை வேறு மரம், வேறு காலத்து உளிவேலை. கீழ்க்கட்டையின் இரு முனைகளும் கையால் பிடித்துத் தேய்ந்து உருண்டிருக்கின்றன. பெட்டிகளைப் பொருத்திய திருகுகள் அந்தத் தேய்மானத்தின் மேலேயே இறங்கியிருக்கின்றன. அதாவது இது ஒரு காலத்தில் நாடாவைக் கையால் ஒரு பக்கம் எறிந்து மறுபக்கம் பிடித்து நெய்த பலகை. பின்னால் யாரோ அதற்கு, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் விசைநாடாப் பெட்டிகளைச் சேர்த்திருக்கிறார்கள். இரு மரங்களும் ஒரே அளவில் சுருங்காததால் மேல்பட்டை வலப்பக்கம் சற்றுத் தூக்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

சேலத்தில் படித்தவன் (ஆகஸ்ட் 22)

பொருந்துகிறது. விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் செய்தார் என்றாலும், சென்னை மாகாணத்துத் தறிகளில் அதைப் பரப்பும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வேகம் பிடித்தது. சேலத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் நடத்திய நெசவுக்கூடம் அதில் முக்கியமானது. பழைய பலகையை எறியாமல் அதன்மேலேயே பெட்டியைப் பூட்டிக்கொள்வது செலவு குறைந்த வழியாக இருந்திருக்கும். ஆகவே 'அசல் உறுப்பு' என்று இந்தத் தறியில் எதைச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இப்போது செருகும் மூங்கில் செதிலும் அந்த வரிசையில்தான் சேரும்.

தறிவீட்டுப் பெண் (ஆகஸ்ட் 30)

பெட்டிகளைச் சேர்த்தது என் தாத்தாவாக இருக்க வேண்டும் என்கிறார் அம்மா. அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோதே கைப்பிடிக் கயிறு இருந்ததாம்.

செதிலை முன்பக்கம் மாற்றிய பிறகு நாடா ஒரு முறைகூடப் பறக்கவில்லை. மேல்பட்டையைத் தொடவே இல்லை. முதல் அரையடியைக் கழிவு நூலில் நெய்து, அச்சிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிக்கொண்டேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. இடது ஓரம் வளையம் வளையமாகத் தளர்ந்து நிற்கிறது.

பரமக்குடி நெசவாளி (ஆகஸ்ட் 30)

நாடா இடது பெட்டிக்குள் போனதும் மோதித் துள்ளித் திரும்புகிறது. அந்தத் துள்ளலில் ஊடை நூல் தளர்ந்துவிடும். நைலான் பிக்கர் எருமைத்தோல் பிக்கரைப் போல அடியை வாங்கிக்கொள்ளாது. பெட்டியின் கடைசியில், பிக்கர் வந்து நிற்கும் இடத்தில், பழைய செருப்புத் தோலை இரண்டாக மடித்து வையுங்கள். நாடாவின் உள்ளே நூல் வெளிவரும் கண்ணின் அருகில் சிறு கம்பளித் துணுக்கை ஒட்டினாலும் நூல் சற்று இறுக்கமாக வரும். முதலில் தோலை மட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

தறிவீட்டுப் பெண் (அக்டோபர் 27)

தோல் மட்டுமே போதுமானதாக இருந்தது. நெய்து பழகாத கை என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சாணுக்கு மேல் ஓடவில்லை, இருந்தும் முந்தானைப் பகுதி முடிந்து உடல் கட்டம் தொடங்கிவிட்டேன். முதல் ஒரு முழத்தில் என் அடி ஒரே சீராக இல்லை என்பது எட்ட நின்று பார்த்தாலே தெரிகிறது.

மூன்று நாட்களாக மழை. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியிருக்கிறது. பாவு முழுவதும் தறியில் இருக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பரமக்குடி நெசவாளி (அக்டோபர் 27)

பாவை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஈரத்தில் இறுகும், நூல் அதைத் தாங்காது. இன்றிரவே கயிற்றை இரண்டு விரற்கடை தளர்த்திவிடுங்கள். பல்சக்கரத்தின் கொண்டியைத் தூக்கும்போது படமரத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், சட்டென்று விடாதீர்கள். தண்ணீரை இறைத்துவிட்டு, கஞ்சிப் பாவில் பூசணம் பிடிக்காமல் இருக்க சன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் வந்ததும் கயிற்றை மீண்டும் இறுக்கி நெய்யலாம்.

தறிவீட்டுப் பெண் (நவம்பர் 2)

தளர்த்தினேன், இறைத்தேன். நேற்று வெயில் வந்ததும் மீண்டும் இறுக்கி நெய்யத் தொடங்கினேன். நான்கு இழைகள் மட்டும் அறுந்திருந்தன, முடிந்துவிட்டேன். இப்போது அச்சுப்பலகை இரண்டாவது வெட்டில் இருக்கிறது.